நான்காவது குழாய்

கண்டி
16 மே 1999

அன்பின் ஷிராஸ்,

உமது தங்கை றிஸானாவின் கலியாணத்துக்கு வந்து திரும்பும்போது ஹந்தானைத் தோட்டத்துக் குடும்பத்தின் இரத்தத்தையும் ஐஸ் போத்தலுக்குள் வைத்து லண்டனுக்குக் கொண்டுபோனீர். அதற்குப் பிறகு உம்மிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் பனி மூடிய பாலம் ஒன்றின் படம் இருந்தது. பரிசோதனை முடிவு இருக்கவில்லை.

நீர் அந்த மனிதர்களைக் காணவில்லை. குழாய்களில் ஒட்டிய இலக்கங்களைத்தான் கண்டீர். அதனால் சொல்கிறேன். முதலாம் குழாய் அழகமுத்து. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். சின்ன வயதில் கண்ணுக்குள் கட்டி வந்து ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இப்போது கண்ணாடிக் கண். இரண்டாம் குழாய் அவர் மனைவி சுந்தரி, கொழுந்தெடுக்கிறவர். மூன்றாவது அவர்களுடைய மகள் சிவமணி. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையின் கண் பூனைக்கண்போல் மின்னுவதைச் சுந்தரிதான் முதலில் கண்டார். எங்கள் கண் வார்டுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டி. வலது கண் போய்விட்டது. இடது கண்ணைக் கொழும்பில் கதிர்ச்சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றினார்கள். நான்காம் குழாய், அப்போதுதான் பிறந்திருந்த சண்முகநாதன்.

இரத்தம் எடுத்த அன்று அவர்களுக்கு நான் எப்படி விளங்கப்படுத்தினேன் தெரியுமா? தோட்டத்து லொறிக்குக் கால் பிரேக்கும் கை பிரேக்கும் இருப்பதுபோல, கட்டி வளராமல் பிடித்து நிறுத்துகிற பரம்பரையலகு எல்லாருக்கும் இரண்டு பிரதியாக இருக்கிறது என்றேன். உங்கள் குடும்பத்தில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுது, மற்றதும் கண்ணுக்குள் எங்காவது பழுதானால் கட்டி. சின்னவனுக்கு அந்தப் பழுது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், லண்டனில் பார்த்துச் சொல்வார்கள் என்றேன். அழகமுத்து கைநாட்டு வைத்தார்.

இப்போது என் நிலைமையைக் கேளும். முடிவு தெரியும்வரை சின்னவனை மாதாமாதம் மயக்கி, கண்ணை விரித்து, உள்ளே பார்க்கவேண்டும். ஒரு தரம் பார்த்தேன். கட்டி இல்லை. அதற்குப் பிறகு சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வடக்கிலிருந்து போரில் காயம்பட்ட ஆமிப் பெடியன்களைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவருகிறார்கள். அவர்களைக் குறைசொல்லமாட்டேன், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் தியேட்டர் தாதி என்னைப் பார்த்து, தோட்டத்து லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஏன் இத்தனை கரைச்சல் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றித் தேத்தண்ணீர் குடிக்கப் போனாள். எனக்கு அருவருத்தது.

பெரிய டொக்டர் ஒரு வாக்குத் தந்திருக்கிறார். பிள்ளையிடம் பழுது இருப்பதாகக் கடதாசியில் வந்தால் மாதாமாதம் முதலிடம் தருவாராம். ஆகவே எனக்குத் தேவை ஒரு சொல். ஓம் அல்லது இல்லை.

றீற்றா


லண்டன்
12 ஜூன் 1999

அன்பின் றீற்றா,

உம்முடைய கடிதம் ஆய்வுகூட மேசையில் கிடந்தது. திறக்குமுன்பே கோபம் தெரிந்தது. முத்திரையைக்கூடக் கோணலாக ஒட்டியிருக்கிறீர்.

இரத்தம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நான்கு குழாயிலிருந்தும் டி.என்.ஏ. சுத்தமாகக் கிடைத்தது. வேலை நடக்கிறது. அந்தப் பரம்பரையலகு எவ்வளவு நீளம் என்று உமக்குத் தெரியும். அதை இருபத்தேழு துண்டாகப் பெருக்கி, ஒவ்வொரு துண்டின் இரண்டு இழையையும் சூட்டில் பிரித்து, குளிரான ஜெல்லில் ஓடவிடுகிறோம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இழை வேறுவிதமாக மடங்கும். கோடு தன் இடத்தைவிட்டுத் தள்ளி விழும். அப்படி விழுந்த துண்டை மட்டும் எழுத்தெழுத்தாக வாசிக்கவேண்டும்.

சில துண்டுகளில் சுவாரசியமாக ஏதோ தெரிகிறது. ஆனால் பேராசிரியர் அவசரப்படுவதை விரும்புவதில்லை. எதையும் இரண்டாம் தரம் செய்யாமல் வாய் திறக்கக்கூடாது என்பார். கொஞ்சம் பொறும்.

வீட்டில் கைரியாவுக்குக் குளிர் இன்னும் பழகவில்லை. உம்மைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உம்மாவைக் கண்டால் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லும்.

ஷிராஸ்


கண்டி
22 ஓகஸ்ட் 1999

ஷிராஸ்,

சுவாரசியம் என்று எழுதியிருந்தீர். அந்தச் சொல்லைத் தோட்டத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஜூலைக் கடைசியில் எப்படியோ தியேட்டர் கிடைத்தது. அழகமுத்துதான் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். சுந்தரிக்கு அன்றைக்கு லீவு கொடுக்கவில்லை. கொழும்பில் குண்டு வெடித்திருந்ததால் இங்கேயும் தெருவுக்குத் தெரு பொலிஸார் தமிழரை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அழகமுத்துவிடம் அடையாள அட்டை இல்லை. அவருடைய அப்பாவுக்கே இந்த நாட்டில் பிரசை என்று கடதாசி இருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். பிறகு கண்ணைக் கழற்றச் சொன்னார்கள்.

இதை அவரே எனக்குச் சொன்னார். பொலிஸ் நிலையத்தில் ஒருவன் அந்தக் கண்ணாடிக் கண்ணை வாங்கி, உள்ளே சயனைட் இருக்கிறதா என்று மேசையில் தட்டிப் பார்த்தானாம். பிறகு அது கைக்குக் கை போனதாம். ஒருவன் தன் நெற்றியில் வைத்துக் காட்டினானாம். எல்லாரும் சிரித்தார்களாம். பிள்ளை அழுதுகொண்டே இருந்திருக்கிறது. யாரோ ஒரு பெண் பொலிஸ் அதைத் தூக்கி வைத்திருந்து, பின்னேரம் சுந்தரி ஓடிவந்ததும் கொடுத்தாளாம். அழகமுத்துவை இரண்டு கிழமை அடைத்துவைத்துப் பிறகு விட்டார்கள். கண் திரும்பி வரவில்லை.

வார்டில் எனக்கு முன்னால் வந்து நின்றபோது அந்தக் குழியைத் துணியால் மூடியிருந்தார். அழுக்குத் துணி. உள்ளே சீழ் பிடித்திருந்தது. நான் கழுவினேன். கழுவும்போது, "அந்த லண்டன்காரங்க ஒண்ணும் சொல்லலீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நான் போய்க் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். நாற்றம் போகவில்லை. அது சீழின் நாற்றம் இல்லை என்று நினைக்கிறேன்.

சின்னவனுடைய தவணை போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஓமா, இல்லையா?

றீற்றா


லண்டன்
14 செப்டெம்பர் 1999

அன்பின் றீற்றா,

வாசித்தேன்.

பேராசிரியரிடம் கேட்டேன். இது ஆராய்ச்சிக்கூடம், நோயாளிக்கு அறிக்கை கொடுக்கும் அனுமதி இதற்கு இல்லை என்கிறார். நீர் கைநாட்டு வாங்கிய சம்மதப் பத்திரத்திலும் முடிவு தெரிவிக்கப்படும் என்று எங்கேயும் இல்லையாம். நான் வாசித்துப் பார்த்தேன். இல்லைத்தான்.

என் கை கட்டியிருக்கிறது. தயவுசெய்து பிள்ளையின் கண்ணை எப்படியாவது பார்த்துக்கொண்டிரும்.

ஷிராஸ்


கண்டி
17 ஒக்டோபர் 1999

ஷிராஸ்,

போன திங்கட்கிழமை கன்டீனில் ஒரு டொக்டர் என்னைத் தேடிவந்து கை குலுக்கினார். ஐரோப்பாவில் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தவர். நல்ல மனிதர்; ஒரு பெட்டி சொக்கலேட்டும் கொண்டுவந்தார். உங்களுடைய குடும்பத்தைத் திரையில் பார்த்தேன், கண்டியின் பெயரே வந்தது, பெருமையாக இருந்தது என்றார்.

எந்தக் குடும்பம் என்று கேட்டேன்.

அவர் சந்தோஷமாக விபரித்தார். ஜெல்லின் படத்தில் ஆளுக்கு ஒன்றாக நான்கு நிரலாம். தகப்பனுக்குக் கோடு தள்ளி விழுந்திருக்கிறது, மகளுக்கும் அதே இடத்தில். தாய்க்கு இல்லை. கைக்குழந்தைக்கு இருக்கிறது. இன்னும் கட்டி வராத பிள்ளையிடம் முன்கூட்டியே கண்டுபிடித்தது என்று உமது பேராசிரியர் அந்த நிரலை அம்புக்குறி போட்டுக் காட்டினாராம். சபை கை தட்டியதாம். மே மாதமே வாசித்து முடித்துவிட்டோம் என்றும் சொன்னாராம். அடுத்த படம் சிவமணியின் முகம். நான் வார்டில் எடுத்து உம்மிடம் தந்த படம். கண்ணை மறைக்கவில்லை.

சொக்கலேட்டை வாயில் போட்டிருந்தேன். வெளியே போய்த் துப்பினேன்.

மே மாதம். நான் ஓம் அல்லது இல்லை என்று கேட்டு எழுதிய மாதம். ஜூனில் நீர் எனக்குச் சுவாரசியம் என்று பதில் எழுதினீர். அழகமுத்துவின் கண்ணை மேசையில் தட்டிக்கொண்டிருந்தபோது உமக்குத் தெரியும். நான் அந்தக் குழியைக் கழுவியதை வாசித்தபோதும் தெரியும். ஓர் அரங்கம் நிறைந்த ஆட்களுக்குச் சொல்லலாம், அந்தப் பிள்ளையின் தாய்க்குச் சொல்லக்கூடாது. இதற்கு எந்த மொழியில் என்ன பெயர்?

அன்றைக்கே பெரிய டொக்டரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். கத்தினேன். எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த நாள் காலையில் தியேட்டர் கிடைத்தது. பாரும், கத்தினால் கிடைக்கிறது. மே மாதமே கத்தியிருப்பேன், கத்துவதற்கு ஒரு காரணத்தை நீர் அனுப்பியிருந்தால்.

சின்னவனின் இடது கண் முழுக்க வெள்ளை. கட்டி விழித்திரையைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. வலது கண்ணில் சின்னதாக இரண்டு. அவற்றைக் குளிரால் உறையவைத்து அழித்திருக்கிறோம். நிலைக்குமா தெரியாது.

எடுக்கவேண்டிய கண்ணுக்குத் திகதி போட்டாயிற்று. உமது பேராசிரியருக்குச் சொல்லும், கை தட்டட்டும்.

றீற்றா


லண்டன்
2 நவம்பர் 1999

றீற்றா,

எழுதி எழுதிக் கிழித்தேன். நியாயம் சொல்கிறேன் என்று நீர் நினைப்பீர். நினையும். நடந்ததைச் சொல்லவேண்டும்.

மே மாதம் நாலாவது நிரலில் கோட்டைக் கண்டது நான்தான். பேராசிரியரிடம் ஓடினேன். குழாய் மாறியிருக்கலாம் என்றார். தாயின் இரத்தம் கலந்திருக்கலாம் என்றார். புதிதாக ஒரு தரம் இரத்தம் எடுத்து வந்து பார்க்காமல் பிள்ளைக்குப் பழுது என்று சொல்லி, அது பிழையாகிப்போனால், வழக்கு வரும் என்றார். இரண்டாம் தரம் இரத்தம் கேட்டு உமக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். மாநாடு முடியட்டும் என்றார். படத்தைக் காட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். முகத்தையும் காட்டுவார் என்று தெரியாது.

என்னுடைய விசா அவருடைய கையெழுத்தில் தொங்குகிறது. கைரியா மாசமாக இருக்கிறாள். இது உமக்குக் காரணமாகத் தெரியாது.

இன்னொன்று. எழுதக் கூசுகிறது, ஆனால் பேராசிரியர் எழுதச் சொல்லியிருக்கிறார், நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார். எடுக்கப்போகும் கண்ணின் கட்டியில் ஒரு துண்டை உறையவைத்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். கட்டிக்குள் நல்ல பிரதியும் தொலைந்துவிட்டதா என்று இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம். கட்டுரை அதோடு முழுமையாகும். ஆசிரியர் வரிசையில் உமது பெயர் இரண்டாவதாக வரும் என்றும் சொல்லச் சொன்னார்.

ஷிராஸ்


கண்டி
28 நவம்பர் 1999

ஷிராஸ்,

முதலில் உமது விஞ்ஞானம்.

தாயின் இரத்தம் கலந்திருக்கலாம் என்றாராம். தாயின் நிரலில் அந்தக் கோடே இல்லை. அவரிடம் இல்லாத ஒன்று அவரிடமிருந்து எப்படிக் கலக்கும்? குழாய் மாறியிருக்கலாம் என்றால், நாலாவது குழாய் யாருடையது என்று பார்க்க ஆளுக்காள் வேறுபடுகிற இடங்கள் டி.என்.ஏ.யில் நிறைய இருக்கின்றன. பொலிஸ்காரர்கூட அதை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறார்கள். உமது ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு பின்னேரம் போதும். சந்தேகம் இருந்தவர் சந்தேகத்தைத் தீர்ப்பார். உமது ஆள் சந்தேகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது எனக்கு ஒரு பக்கத்தையும் அரங்கத்துக்கு மற்றப் பக்கத்தையும் காட்டினார்.

கண்ணை எடுத்தாயிற்று. எடுத்தவர்களுள் நானும் ஒருத்தி.

கட்டியில் துண்டு கேட்டதை மறைக்காமல் அழகமுத்துவிடமும் சுந்தரியிடமும் சொன்னேன். மே மாதமே தெரியும் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. சுந்தரி பிள்ளையின் கண்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகமுத்து, "எம் புள்ளயோட கண்ண அவங்க பாத்தது போதுங்க டாக்டரம்மா" என்றார்.

அவ்வளவுதான். இங்கே நோயியல் பிரிவில் பார்க்கவேண்டியதைப் பார்த்தார்கள். லண்டனுக்கு ஒரு மண்ணும் வராது. என் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு நேரே எழுதிவிட்டேன். சிவமணியின் படத்தைத் திருப்பி அனுப்பவும் எழுதினேன்.

நாங்கள் ஒரே மேசையருகே நின்று பிணம் அறுத்துப் படித்தவர்கள். அப்போது நீர்தான் முதல்நாள் வாந்தி எடுத்தீர். அந்தப் பெடியனிடம் எனக்கு மரியாதை இருந்தது. இனி எழுதவேண்டாம்.

றீற்றா


கண்டி
4 ஜூன் 2000

ஷிராஸ்,

இதை எழுத எனக்கு விருப்பமில்லை.

சுந்தரி மறுபடி கர்ப்பம். ஜனவரியில் பிறக்கும். பயந்துபோய் வந்தார். கருவை வேண்டாம் என்று கலைப்பதற்கு இங்கே சட்டத்தில் இடமில்லை, இருந்தாலும் அவர் கலைக்கமாட்டார்.

எந்தத் துண்டில், எத்தனையாவது எழுத்து, எதிலிருந்து எதுவாக மாறியிருக்கிறது? இதை மட்டும் சொல்லும். உமது பேராசிரியரின் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. வெளிவந்தபின் கடையில் வாங்கி வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

றீற்றா


லண்டன்
9 ஜூலை 2000

றீற்றா,

நீர் கேட்டது இரண்டாவது தாளில் இருக்கிறது. துண்டின் இலக்கம், எழுத்து, இருபக்கமும் உள்ள வரிசை, எல்லாம். ஒரே ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

உமக்கு இருபத்தேழு துண்டும் தேவையில்லை. நான் பார்த்த அளவில், அந்த எழுத்து மாறிய இடம் ஒரு நொதியம் வழக்கமாக வெட்டுகிற இடம். நல்ல பிரதியை அது இரண்டாக வெட்டும். பழுதான பிரதியை வெட்டத் தெரியாமல் விட்டுவிடும். ஆகவே அந்த ஒரு துண்டைப் பெருக்கி, நொதியத்தோடு வைத்து, சாதாரண ஜெல்லில் ஓடவிட்டால் போதும். பழுது இல்லாத பிள்ளைக்கு இரண்டு கோடு. பழுது உள்ள பிள்ளைக்கு வெட்டாத துண்டோடு மூன்று. இதற்கு லண்டன் தேவையில்லை.

துண்டைப் பெருக்கத் தேவையான தொடக்க இழைகளையும் நொதியத்தையும் உம்மா கொண்டுவருவார். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர் அடுத்த கிழமை திரும்புகிறார். அந்த நொதியம் வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. ஐஸ் கரைந்தாலும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அழகமுத்து, சுந்தரி, இரண்டு பிள்ளைகள் நால்வரையும் பக்கத்தில் வைத்தே ஓட்டும். தண்ணீர் மட்டும் உள்ள குழாய் ஒன்றையும் வையும், அதில் கோடு வரக்கூடாது. பிறக்கும் பிள்ளையிடம் இரண்டு வேறு நாளில் இரத்தம் எடுத்து இரண்டையும் பாரும்.

நான் அந்த ஆய்வுகூடத்தை விட்டுவிட்டேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு வைத்தியசாலையில் வேலை. நோயாளிக்கு அறிக்கை கொடுக்கிற இடம். சம்பளம் குறைவு. இதை உம்மிடம் நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. விலாசம் மாறும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஷிராஸ்


கண்டி
11 பெப்ரவரி 2001

ஷிராஸ்,

உமது உம்மா போத்தலை என் கையிலேயே தந்தார். வழியில் சோதனைச் சாவடியில் திறக்கச் சொன்னார்களாம். ஆஸியா உம்மா சிங்களத்திலேயே, இது பிள்ளைக்கண் மருந்து, திறந்து கெட்டுப்போனால் அந்தப் பிள்ளையின் தாய்க்கு நீயே வந்து சொல்லு என்றாராம். ஆமிக்காரன் மூடிக் கொடுத்துவிட்டான். உமக்கு அந்த வாய் ஏன் வரவில்லை என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் மிளகுக்கொடி நோயை ஆராய்கிறவர்களிடம் துண்டைப் பெருக்குகிற பி.சி.ஆர். இயந்திரம் ஒன்று இருந்தது. போய்க் கேட்டேன். மிளகுக்கும் மனுசருக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது என்று சிரித்துவிட்டுத் தந்தார்கள். பிள்ளை பிறக்குமுன்பே பழைய நால்வரையும் வைத்துப் பழகினேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை தண்ணீர்க் குழாயிலும் கோடு வந்தது. என் கை சுத்தமில்லை. அதற்குப் பிறகு சரியாக வந்தது. கழியூதாக் கதிர் விளக்கின் கீழே அழகமுத்துவுக்கு மூன்று, சுந்தரிக்கு இரண்டு, சிவமணிக்கு மூன்று, சண்முகநாதனுக்கு மூன்று. உமது பேராசிரியர் அம்புக்குறி போட்ட கோட்டை நானும் பார்த்தேன். அது இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் உம்மேல் எனக்கு இருந்த கோபம் முழுதாக விளங்கியது.

பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு வேறு நாளில் இரத்தம் எடுத்தேன். இரண்டிலும் இரண்டே கோடு. கண்ணையும் பார்த்தோம், தெளிவு. இந்தப் பிள்ளையை இனி மயக்கவேண்டியதில்லை. தியேட்டருக்காக யாரிடமும் கத்தவேண்டியதுமில்லை.

குடும்பமாகக் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். அழகமுத்துவுக்குப் புதுக் கண் பொருத்தியிருக்கிறோம். நிறம் சற்று வேறு. சண்முகநாதன் நடக்கிறான். வலது கண்ணில் பார்வை இருக்கிறது, ஆனால் நடுவில் தழும்பு. எதையும் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கிறான். கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு என்னை அப்படித்தான் பார்த்தான்.

பிள்ளைக்குப் பழுது இல்லை என்று சொன்னேன். அழகமுத்து கும்பிட்டார். கையை இறக்கச் சொன்னேன். சுந்தரி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இது தெரிய எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்டார்.

ஒரு கிழமை, ஏழு நாள் என்றேன்.

அவர் சண்முகநாதனை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். அவன் தலைமயிரை ஒதுக்கினார்.

"அப்ப இவனுக்கும் ஒரு கெழமதான ஆயிருக்கும்" என்றார்.

ஓம் என்றேன்.

றீற்றா